ஊர்க் கணக்கும் நாட்டுக் கணக்கும்

ஒரு நாட்டின் குடிசனத் தொகை யாதென வினவினால், பள்ளி மாணவனும் ஒரே எண்ணில் விடை கூறிவிடுவான். 2024ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தைக் குறித்து எடுக்கப்பெற்ற குடிசன மதிப்பின்படி, இலங்கையில் வாழ்வோர் 2 கோடியே 17 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆவர். இந்த எண் அமைச்சருக்குப் பயன்படும். பிற நாடுகளோடு நம்மை ஒப்பிடுவோருக்கும் பயன்படும். ஆயின், அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பிற் சேர வேண்டிய பிள்ளைகள் எத்தனைபேர் என்று அறிய விரும்பும் பாடசாலை அதிபருக்கு இதனால் ஆவது யாதுமில்லை. தன் பகுதியிற் பிறந்த குழந்தைகளைத் தேடி நடக்கும் மருத்துவ மாதுவுக்கும் இதனால் ஆவதில்லை. அவர்களுக்கு வேண்டுவது ஊர்க் கணக்கு. எந்த ஒழுங்கைக்கு இப்பால் எத்தனை வீடுகள், அவ்வீடுகளில் எத்தனை மக்கள், அவர்களுள் சிறுவர் எத்தனைபேர், முதியோர் எத்தனைபேர் என்னும் கணக்கே அவர்களுக்கு வேண்டியது.

குடிசன மதிப்பு என்றதும் நாம் பெரிய எண்ணையே நினைக்கின்றோம். அப்பெரிய எண் ஆயிரக்கணக்கான சிறிய எண்களைக் கூட்டிப் பெற்றது என்பதை நினைப்பதில்லை. அச்சிறிய எண்கள் ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்குள் அடங்கியவை. அவ்வெல்லையை வகுத்தவர் யார், எப்பொழுது வகுத்தார், எதனை நோக்கி வகுத்தார் என்னும் வினாக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றையே இப்பொழுது சிறிது நோக்குவோம்.

மக்களைச் சிறுசிறு தொகுதிகளாகப் பிரித்துக் கணக்கெடுக்கும் எண்ணம் மிகப் பழையது. கௌடிலியரின் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம், கோபன் என்னும் அலுவலன் ஒருவனைக் குறிப்பிடுகின்றது. நாட்டுப்புறத்தில் ஐந்து அல்லது பத்து ஊர்கள் அவன் பொறுப்பில் இருக்கும். நகரத்திலோ பத்து, இருபது அல்லது நாற்பது குடும்பங்களே அவனுக்குரியவை. அக்குடும்பங்களில் உள்ளோரின் தொகை, தொழில், வரவு, செலவு ஆகியவற்றை அவன் அறிந்திருத்தல் வேண்டும். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வாறு கணக்கெடுத்தது அரசனின் கருவூலத்துக்காகவும் காவலுக்காகவுமே. ஊரைச் சிறிதாக வகுத்தால் வரி தப்பாது. வேற்றாள் ஒளிய முடியாது. சிறு பிரிவு பிறந்த காலத்திலேயே, அறிவதற்கும் ஆள்வதற்கும் ஒருங்கே உரிய கருவியாகப் பிறந்தது.

நம் நாட்டிலும் அவ்வாறே. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய பின், நிலங்களையும் குடிகளையும் இறைகளையும் ஏடுகளிற் பதிந்தனர். அவ்வேட்டுக்கு அவர்கள் மொழியில் வழங்கிய பெயரே தோம்பு எனத் தமிழில் நிலைத்தது. அவர்கள் கோயில் ஒன்றைக் கட்டி, அதனைச் சூழ்ந்த ஊர்களை அதற்குரிய பகுதியாக்கினர். அப்பகுதி கோயிற்பற்று எனப்பட்டது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்னும் பழைய பிரிவுகளுள் இக்கோயிற்பற்றுகள் அடங்கின. பின்வந்த ஒல்லாந்தர் சமயப் பிரிவால் வேறானவராயினும், இப்பிரிவுகளைக் கலைக்கவில்லை. கோயிலோடு பள்ளிக்கூடத்தையும் வைத்து, குடும்பங்களின் ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றைப் பள்ளித் தோம்புகளிற் பதிவித்தனர். நிலத்துக்கு ஒரு தோம்பும் ஆளுக்கு ஒரு தோம்புமாக இரு வகை ஏடுகளையும் வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பால்தேயு பாதிரியார், 1672இல் வெளியிட்ட தமது நூலில், கோயில் கோயிலாக எடுத்து அங்கங்குப் படித்த சிறுவர் தொகையையும் குறித்துச் சென்றுள்ளார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஊர்வாரிப் புள்ளிவிபரம் என்றே அதனைக் கூறலாம்.

இக்கோயிற்பற்றுகளின் பெயர்கள் இன்றும் மறையவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளை எடுத்துப் பார்ப்போர், காணி கிடக்கும் இடத்தைக் குறிக்குமிடத்து, வலிகாமம் இன்ன பகுதி, இன்ன கோயிற்பற்று, இன்ன குறிச்சி என்று படிப்படியாக இறங்கி வருவதைக் காண்பர். மட்டக்களப்புப் பகுதியில் மண்முனைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று, போரதீவுப்பற்று என்னும் பெயர்கள் இன்றைய பிரதேச செயலகங்களின் பெயர்களாகவே நிலைபெற்றுள்ளன. ஆட்சி மாறினும் எல்லை எளிதில் மாறுவதில்லை. புதிதாக வந்தவன் பழைய வேலியைப் பிடுங்குவதைவிட, அவ்வேலியின்மேல் தன் பெயரை எழுதுவதே எளிதெனக் காண்கின்றான்.

ஆங்கிலேயர் காலத்தில், தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் ஆட்சியின்போது, 1824இல் கரையோர மாகாணங்களிற் குடிசனக் கணக்கு ஒன்று எடுக்கப்பட்டு, 1827இல் வெளியிடப்பட்டது. எனினும், நாடு முழுவதையும் ஒரே நாளைக் குறித்து எண்ணிய முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் நடந்ததே. அன்று கிடைத்த தொகை 24,00,380. இந்தத் தொகை கொழும்பிலே எவரும் இருந்தவிடத்திலிருந்து கூட்டியதன்று. மாகாணத்துக்கு அரசாங்க அதிபர், பெரும்பிரிவுக்கு மணியகாரர், அதன் கீழ் உடையார், ஊருக்கு விதானையார் என்று வடக்கிலே ஒரு படிவரிசை இருந்தது. கிழக்கிலே வன்னியர், உடையார், விதானை என்று வழங்கிற்று. கரையோரச் சிங்களப் பகுதிகளில் முதலியாரும் விதானை ஆராச்சியும், மலைநாட்டில் இரட்டேமாத்தையாவும் கோறளையும் இருந்தனர். ஊர் விதானையாரிடமிருந்து எழும் எண், இப்படிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக் கச்சேரியை அடைந்து, கச்சேரியிலிருந்து தலைநகரை அடைந்தது. ஆகவே, விதானையாரின் அதிகார எல்லையே குடிசன மதிப்பின் சிற்றெல்லையும் ஆயிற்று.

இம்முறையில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் இருந்தன. விதானையார் அவ்வூரிற் பிறந்தவர். இன்ன வளவில் இன்ன குடும்பம் என்று இருளிலும் சொல்லக்கூடியவர். இது நன்மை. அவரே வரிக்கும் பொலிசுக் கடமைக்கும் உரியவராகவும் இருந்தார். வழக்கில் அகப்பட்டவனும், காணித் தகராறு உடையவனும், உத்தரவின்றி மரந்தறித்தவனும் அவர் கையிலே ஏட்டைக் கண்டால் அஞ்சாது பேசுவது எப்படி? இது தீமை. எண்ணுவோனும் அதிகாரம் செலுத்துவோனும் ஒருவனாக இருக்குமிடத்துக் குடிகள் வாய் திறக்கத் தயங்குவர் என்பது எந்நாட்டுக்கும் பொது. இங்கிலாந்திலே 1753இல் குடிசன மதிப்புச் சட்டமொன்று கொண்டுவரப்பட்டபோது, வரிக்கும் படைக்கு ஆள் பிடிப்பதற்கும் வழியாகுமென்று பலர் எதிர்த்தனர். அச்சட்டம் பிரபுக்கள் சபையிலே தோல்வியுற்றது. அந்நாட்டின் முதற் குடிசன மதிப்பு 1801 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அங்கும் முதல் நான்கு குடிசன மதிப்புகளிலும் கோயிற்பற்றே அடிப்படைப் பிரிவாக இருந்தது. 1841இல் நிலைமை மாறிற்று. நாடு முழுவதும் கணக்கெடுப்பு வட்டாரங்களாக வகுக்கப்பட்டது. ஒரு வட்டாரத்தில் மக்கள் குடியிருக்கும் வீடுகள் 25க்குக் குறையாமலும் 200க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். ஒருவன் ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய அளவே அந்த வட்டாரத்தின் அளவு. இதன் சிறப்பை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. அதுவரை பிரிவு என்பது வரலாற்றில் தானாக வளர்ந்தது. கோயில் இருந்தது, எனவே பற்று இருந்தது. தலைவன் இருந்தான், எனவே பிரிவு இருந்தது. இப்பொழுதோ, எண்ணுவதற்காகவே ஓர் எல்லை வரையப்பட்டது. வளர்ந்த எல்லை, வரைந்த எல்லை என்று இரு வகை எல்லைகள் அன்றுமுதல் அருகருகே நிற்கத் தொடங்கின.

வரைந்த எல்லையின் பயனை நன்கு உணர்ந்து வற்புறுத்தியவர் நியூயோர்க்கு நகரத்தில் வாழ்ந்த வோல்ற்றர் லெயிட்லோ என்னும் சமயகுரு. அந்நகரத்துத் திருச்சபைகளின் கூட்டமைப்பிற் பணியாற்றிய அவருக்கு, எத்தெருக்களில் எவர் குடியேறுகின்றனர், எங்கே வறுமை பெருகுகின்றது என்று அறிதல் வேண்டியிருந்தது. ஆயின், அக்காலத்தில் நகரப் புள்ளிவிபரங்கள் தேர்தற்பிரிவுகளை ஒட்டியே வெளியாயின. அப்பிரிவுகளோ அரசியல்வாதிகளின் வசதிக்கேற்ப அடிக்கடி மாறின. பத்தாண்டுக்கு முந்திய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டால், மக்கள் மாறினரா, கோடு மாறிற்றா என்று துணிய முடியவில்லை. ஆகவே, தேர்தலோடு தொடர்பில்லாத, ஏறக்குறைய ஒத்த அளவுள்ள, நிலையான சிறு பிரிவுகளை வகுக்க வேண்டும் என்று 1906இல் அவர் முன்மொழிந்தார். 1910ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களையுடைய எட்டு நகரங்களுக்கு அம்முறை கையாளப்பட்டது. இன்று அமெரிக்க ஐக்கிய நாடு முழுவதும் அத்தகைய பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவில் 1,200 முதல் 8,000 வரையான மக்கள் இருக்கலாம். 4,000 பேர் இருத்தல் சிறந்த அளவெனக் கொள்வர்.

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் அத்தியட்சராக இருந்தவர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அவ்வாண்டு எண்ணப்பட்டோர் தொகை 35,65,954. அருணாசலம் அவர்கள் எழுதிய அறிக்கை, எண்களை நிரல்படுத்திய அட்டவணைத் தொகுதி மாத்திரம் அன்று. இந்நாட்டின் வரலாறு, இனங்கள், மொழிகள், சமயங்கள், தொழில்கள் ஆகியவற்றை ஆராயும் ஒரு பெருநூலாகவே அது விளங்குகின்றது. எண்ணுக்குப் பின்னால் மனிதன் நிற்கின்றான் என்பதை அவ்வறிக்கை மறவாது நினைவூட்டுகின்றது. அடுத்து 1911இல் அத்தியட்சராக இருந்த டெனம் அவர்கள் காலத்தில், நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் உரிய புள்ளிவிபரங்கள் தனித் தொகுதியாகவே வெளிவந்தன. பட்டினங்களோடு, ஒதுங்கிய காட்டுக் குளமொன்றின் அணைக்கட்டருகே சில குடும்பங்கள் வாழ்ந்த சிற்றூர்களும் அத்தகைய ஏடுகளில் இடம்பெற்றன. வன்னிப் பகுதியின் வரலாற்றை ஆராய்வோர் இவ்வேடுகளைப் பொன்போலப் போற்றுவதன் காரணம் இதுவே. இன்று மரங்கள் மூடிய எத்தனையோ ஊர்கள் மக்களோடு வாழ்ந்தமைக்கு இவ்வேடுகளிலுள்ள ஒற்றை வரியே சான்றாகும்.

ஊர் விதானையாரின் எல்லைக்குள் அடங்காத ஒரு நிலமும் இந்நாட்டிலே இருந்தது. அதுவே தோட்டம். மலைநாட்டிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடப்பட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியேற்றப்பட்டனர். அங்கு எண்ணும் பொறுப்புத் தோட்டத்துரையைச் சார்ந்தது. நகரம், கிராமம், தோட்டம் என்று மூவகையாக மக்களை வகுத்துக் கூறும் வழக்கம் நமது குடிசன மதிப்பிலே வேரூன்றியது. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதாய், 10 பேரேனும் குடியிருந்து தொழில் செய்யும் பயிர்நிலமே தோட்டம் என்பது பிற்காலத்திலே வழங்கிய இலக்கணம். இவ்விலக்கணத்தைச் சிறிது ஆராய்ந்து பாருங்கள். இது மக்களின் வாழ்க்கையைக் கொண்டு வகுத்ததன்று; நிலத்தின் பரப்பைக் கொண்டு வகுத்தது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் ஒரு தோட்டம் துண்டாடப்பட்டால், அதே லயத்தில் அதே அறையில் வாழ்ந்தவன், தான் அறியாமலே தோட்ட நிரலிலிருந்து கிராம நிரலுக்கு மாறிவிடுதல் கூடும். அவன் வறுமையில் மாற்றமில்லை. ஏட்டிலே மாத்திரம் மாற்றம். ஆயினும், இத்தனிப் பிரிவினால் ஒரு நன்மையும் விளைந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. தோட்டப் பகுதியின் எழுத்தறிவும் சிசுமரண வீதமும் நாட்டின் சராசரிக்குள் மறைந்துவிடாமல் தனியே தெரிந்தமையினாலேயே, அவற்றைச் சுட்டிக்காட்டி உரிமை கேட்க முடிந்தது.

கணக்கிலே வேறாக நின்றவர்கள் ஆட்சியிலும் வேறாகவே நின்றார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபை பணம் செலவிட்டு வேலை செய்வதற்குத் தடை இருந்தது. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018இலேயாம். வாக்களிக்கும் மக்கள் தங்கள் வாசலுக்கு முன்னுள்ள பாதையைத் தாம் தெரிந்த சபையைக் கொண்டு திருத்துவிக்க முப்பது ஆண்டுகள் காத்திருந்தனர். எல்லைக்கோடு காகிதத்தில் மெல்லியதாகத் தோன்றினும், அதன் இப்பாலும் அப்பாலும் வாழ்வோருக்கு அது மதிலாக எழுந்து நிற்றல் கூடும்.

1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, உலகப் பொருளாதார மந்தத்தினாற் சுருங்கிப் பெரும்பாலும் தலைக்கணக்கு அளவில் நின்றது. 1941இல் நிகழ வேண்டியது போரினால் தள்ளிப்போய் 1946இல் நடந்தது. அதன் பின் 1953, 1963, 1971, 1981 ஆகிய ஆண்டுகளில் எண்ணினர். இவற்றுள் 1963ஆம் ஆண்டு நமது பொருளுக்கு முக்கியமானது. அவ்வாண்டிலேயே பரம்பரைச் செல்வாக்கோடு இயங்கிய கிராமத் தலைவர் முறை ஒழிக்கப்பட்டு, போட்டிப் பரீட்சையில் தெரிவாகும் கிராம சேவகர் முறை வந்தது. அவ்வாண்டு யூலை மாதத்திலேயே குடிசன மதிப்பும் நிகழ்ந்தது. விதானையார் போயினார், அவருடைய பிரிவு போகவில்லை. அது கிராம சேவகர் பிரிவாகி, பின்னர்ப் பல கூறுகளாகப் பிரிந்து, இன்று கிராம உத்தியோகத்தர் பிரிவு என்னும் பெயரோடு நாடெங்கும் 14,000க்கு மேற்பட்டதாகப் பெருகியுள்ளது. சராசரியாகப் பார்த்தால் ஒரு பிரிவில் ஏறக்குறைய 1,500 பேர். யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் 435 பிரிவுகள் உள்ளன. நெடுந்தீவு மேற்கு ஜே/1 என்று தொடங்கும் அவ்வெண்கள் இன்று முகவரியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன. பங்கீட்டு அட்டை, நிவாரணம், வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதி ஆகிய எல்லாவற்றிலும் அந்த எண் முன்னே வந்து நிற்கின்றது.

சிறு பிரிவின் பெரும்பயன் ஒன்றை இங்குக் கூறவேண்டும். பெரிய எல்லைகள் மாறும்பொழுது உண்மையைக் காப்பாற்றுவது சிறிய எல்லைகளே. 1833இல் வகுக்கப்பட்ட வட மாகாணத்துள் அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியப் பகுதியும் அடங்கியிருந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் அமைந்தபோது அப்பகுதி பிரிந்து சென்றது. ஆகவே, 1871ஆம் ஆண்டு வட மாகாணத் தொகையை 1881ஆம் ஆண்டுத் தொகையோடு அப்படியே ஒப்பிடுவோன் தவறான முடிபுக்கே வருவான். பெயர் ஒன்று, நிலம் வேறு.

நம் காலத்து உதாரணம் இதனினும் தெளிவானது. 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள் 8,30,552 பேர். 2012இல் அம்மாவட்டத்தின் மக்கள் 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ஏறக்குறைய 2 இலட்சத்து 47 ஆயிரம் பேர் குறைந்தனர் என்று எழுதிவிடலாம். அவ்வாறு எழுதுவது பிழையாகும். 1981இல் கிளிநொச்சியும் யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1984இலேதான் அது தனி மாவட்டமாயிற்று. கிளிநொச்சிப் பகுதியில் 1981இல் வாழ்ந்த 91,764 பேரைக் கழித்தால், இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லைக்குள் அன்று வாழ்ந்தோர் 7,38,788 பேர் என்பது புலனாகும். உண்மையான குறைவு ஏறக்குறைய 1 இலட்சத்து 55 ஆயிரம். அதுவும் பெருந்துன்பத்தைக் காட்டும் எண்ணே. முப்பது ஆண்டுகளிற் பெருகியிருக்க வேண்டிய மக்கள் பெருகாமற் குறைந்தனர். ஆயினும், துயரத்தை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் உள்ளவாறு கூறுவது வரலாற்றாசிரியனின் கடமை. அக்கடமையைச் செய்ய அவனுக்குத் துணையாவது, 1981இல் பகுதி பகுதியாகப் பதிந்து வைத்த சிற்றேடுகளே.

1981க்கும் 2012க்கும் இடையே என்ன நிகழ்ந்தது? 1991இற் குடிசன மதிப்பே நிகழவில்லை. 2001இல் நிகழ்ந்தபோது, 25 மாவட்டங்களுள் 18 மாவட்டங்களிலே மாத்திரம் முழுமையாக எண்ண முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியவை அதில் இடம்பெறவில்லை. மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றில் ஒரு பகுதியையே எண்ணினர். நாடு முழுவதுக்கும் மதிப்பீடாக ஓர் எண்ணைத் தருதல் கூடும், தந்தனர். ஆனால், ஊருக்கு அவ்வாறு மதிப்பீடு தருதல் எளிதன்று. பெரிய எண்ணை ஊகிக்கலாம். சிறிய எண்ணை வீட்டு வாசலிற் சென்று கேட்டே அறிதல் வேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த மக்கள் ஆண்டுக்கணக்காக உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் வாழ்ந்தனர். அவர்களுடைய பிரிவுகளுக்கு எண் இருந்தது, எல்லை இருந்தது, கிராம உத்தியோகத்தரும் இருந்தார். குடியிருக்க மக்கள் இல்லை. இடம்பெயர்ந்தோர் தம் பழைய பிரிவின் எண்ணைக் கூறியே பதிவு பெற்றனர். மண்ணிலே கால் வைக்க இயலாதபோதும், அவ்வூரவர் என்பதற்கு அந்த எண் ஓர் அடையாளமாக நின்றது. கச்சேரி எழுதுவினைஞர் இட்ட ஒரு குறியீடு, ஊரின் நினைவைத் தாங்கும் பெயராக மாறியதை நம் தலைமுறை கண்டது.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கரையோரத்தை அழித்தது. அதன் பின், தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் பாதிக்கப்பட்ட கட்டடங்களையும் மக்களையும் கிராம உத்தியோகத்தர் பிரிவு பிரிவாக எண்ணியது. கடலைத் தொட்ட பிரிவு முற்றாக அழிய, வீதிக்கு மேற்கேயுள்ள பிரிவு சிறு சேதத்தோடு தப்பிய இடங்கள் பல. மாவட்டச் சராசரி அங்கு ஒன்றையும் உணர்த்தாது. எவ்விடத்தில் வீடு கட்டுவது, எவ்விடத்துக்கு வள்ளம் கொடுப்பது என்று தீர்மானிக்கச் சிறு பிரிவின் எண்ணே வேண்டியிருந்தது.

இவ்வளவும் கூறிய பின், மறுபக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. பிரிவு சிறிதாகச் சிறிதாக, அதிலுள்ள மனிதன் தெளிவாகத் தெரிகின்றான். இருநூறு வீடுகளுள்ள பிரிவிலே ஒரு சமயத்தைச் சேர்ந்த குடும்பம் ஒன்றே ஒன்று இருக்குமாயின், அட்டவணை பெயரைக் கூறாவிட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 1941ஆம் ஆண்டு திசெம்பரில் யப்பான் அமெரிக்கத் துறைமுகத்தைத் தாக்கிய பின், 1942இல் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தவர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு வாசல்களிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்காவிற் பிறந்த குடிமக்கள். எத்தெருத் தொகுதியில் எத்தனை யப்பானியர் வாழ்கின்றனர் என்பதைக் குடிசன மதிப்பின் சிறு பிரிவு அட்டவணைகளே படையினருக்குக் காட்டின. பெயர் கூறப்படவில்லை என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. 1988இல் அந்நாடு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. 2000ஆம் ஆண்டில் குடிசன மதிப்பு அலுவலகத்தின் தலைவரும் தம் அலுவலகத்தின் பங்குக்காக மன்னிப்புக் கோரினார். லெயிட்லோ ஏழைகளுக்கு உதவுதற்பொருட்டு விரும்பிய அதே சிறு பிரிவு, ஒரு தலைமுறை கழியுமுன் அப்பாவிகளைத் தேடும் விளக்காகப் பயன்பட்டது.

நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வன்செயல் நிகழ்ந்தபோது, வீடுகளைத் தேடிச் சென்றோர் சிலரின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது எனக் கண்டவர் பலர் எழுதியுள்ளனர். அது குடிசன மதிப்பு ஏடன்று. எனினும், ஊர்வாரியாக மக்களைப் பதிந்த ஏடு எதுவும் தக்க காவலின்றி இருத்தலாகாது என்னும் பாடம் ஒன்றே. நமது குடிசன மதிப்புச் சட்டம், தனியாள் தரும் விபரங்களை மறைத்துக் காக்கவேண்டும் என்று விதிக்கின்றது. அவ்விதி ஏட்டிலே இருந்தால் மாத்திரம் போதாது. வீட்டுப் படலையைத் தட்டும் கணக்கெடுப்பாளரின் நாவிலும் இருத்தல் வேண்டும். அடுத்த வீட்டில் எழுதியதை இந்த வீட்டில் பேசுவாராயின், இந்த வீட்டார் உண்மையை எழுதுவிக்கமாட்டார்.

கணக்கெடுப்பாளரென வரும் பலர் அரச ஊழியர். அவர்களுள் ஆசிரியர் பலர் இருந்துள்ளனர். ஒல்லாந்தர் காலத்திலே பள்ளித் தோம்பு எழுதிய சட்டம்பியார் மரபு இன்னும் அறுபடவில்லை என்றே கூறலாம். 2024இல் அவர்கள் தாளையும் பென்சிலையும் விட்டுக் கையடக்கக் கணினியோடு சென்றனர். எழுதும் கருவி மாறிற்று. ஆயினும், எல்லை எது என்று முதலில் தெளிதல், அவ்வெல்லைக்குள் ஒரு வீட்டையும் விடாது செல்லல், ஒருவரையும் இருமுறை எழுதாதிருத்தல், கேட்டதை வெளியிடாதிருத்தல் என்னும் நான்கு கடமைகளும் மாறவில்லை. வேலியோரத்தில் ஒதுங்கிய கொட்டிலையும் வாய்க்காலுக்கு அப்பாலுள்ள தனிக் குடிலையும் இன்னொரு பிரிவுக்குரியன என்று இரு பக்கத்தாரும் விட்டுவிட்டால், அங்குள்ள குழந்தை நாட்டுக் கணக்கிலே பிறவாத குழந்தை ஆகிவிடும். எண்ணப்படாத குழந்தைக்குப் பாடநூல் அச்சிடப்படுவதில்லை, வகுப்பறை கட்டப்படுவதில்லை.

பிரிவு எவ்வளவு சிறிதாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை. பள்ளிக்கூடமும் மருந்தகமும் எவ்விடத்துக்கு வேண்டும் என்று காட்டுமளவுக்குச் சிறிதாகவும், எவர் வீட்டிலே எவர் இருக்கின்றார் என்று காட்டிக்கொடாத அளவுக்குப் பெரிதாகவும் அது இருத்தல் நன்று. அவ்வெல்லைகளை அடிக்கடி மாற்றுதல் தகாது. மாற்ற நேர்ந்தால், பழையது எது, புதியது எது என்று பின்வருவோர் அறியும்வண்ணம் குறித்து வைத்தல் வேண்டும். இவற்றைக் காப்பது அரசின் பொறுப்பு. கேட்கும் வினாக்களுக்கு உள்ளவாறு விடை கூறுவது நம் பொறுப்பு.

நேயர்களே, இனி ஒருமுறை உங்கள் பிரிவின் எண்ணை ஏதேனும் படிவத்தில் எழுத நேரும்போது, அது வெறும் இலக்கமென்று எண்ணாதீர்கள். கோயிற்பற்றாகவும் விதானைப் பிரிவாகவும் கிராம சேவகர் பிரிவாகவும் பெயர் மாறி வந்த ஒரு பழைய எல்லையின் இன்றைய வடிவம் அது. நாட்டுக் கணக்கிலே உங்கள் ஊர் ஏறுவதற்குரிய படியும் அதுவே.